செய்தி நீங்கிய மலை

ஆழியாறு அணையைத் தாண்டியதும் வால்பாறைச் சாலை வளையத் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகள் கீழே சிறுத்துக்கொண்டே போக, காடு வந்து, காடு விலகி, ஒரு திருப்பத்தில் மலைச்சரிவு முழுக்கத் தேயிலையாக விரிகிறது. ஏறி வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நின்றுவிடும். இறங்குகிறவர்கள் சொல்கிற சொல் அநேகமாக ஒன்றுதான்: இயற்கை. மூணாறானாலும் குன்னூரானாலும் மேகமலையானாலும் இதே சொல். அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சொல்கிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. நம் தத்துவ நூல்கள் 'திரிபு' என்று பெயரிட்டு வைத்திருக்கும் பிழை அது. கண் கெடவில்லை, எதிரே பொருள் இல்லாமலும் இல்லை. ஒன்று இன்னொன்றாகத் தெரிகிறது. கயிறு பாம்பானால் பயம் வரும், பயத்தைத் தெளிவு போக்கிவிடும். திரிபினால் மகிழ்ச்சி வந்தால் என்ன செய்வது? தெளிந்த பிறகு அந்த மகிழ்ச்சி மிஞ்சுமா, மிஞ்சத்தான் வேண்டுமா? மலைக்குப் போவதைப் பற்றி எனக்குப் பெரிதாகப் படுகிற கேள்வி இது. போகலாமா கூடாதா என்பது அதற்கு முன்னால் மிகச் சின்னது.

முதலில் கண்முன் இருப்பதைக் கணக்கெடுக்கலாம். தேயிலை இந்த மலையில் பிறந்ததல்ல; உண்மையில் அது செடியே அல்ல, மரம். வெட்டாமல் விட்டால் அசாம் வகைத் தேயிலை முப்பது அடியைத் தாண்டி வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி, பக்கவாட்டில் படரவிட்டு, மேற்பரப்பை மேசைபோல மட்டமாக வைத்திருப்பவை கத்தியும் விரல்களும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து, அதாவது கிளை வெட்டு. பருவத்தில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்தெடுப்பு. இரண்டும் நின்றால் சில வருடங்களில் மேசை கலைந்து கிளைகள் மனம்போல மேலெழும்பிவிடும். இடையிடையே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஃபாக்டரி அடுப்பு எரிக்க வளர்த்த யூகலிப்டஸும் அங்கிருந்துதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் முதலில் காப்பியும், 1890களிலிருந்து தேயிலையுமாக வெள்ளைக்காரத் துரைகள் ஆனைமலையின் மழைக்காட்டை வெட்டிக் கழித்து நட்டார்கள். அதற்கு முன்பு அது காடர்களும் மலசர்களும் முதுவர்களும் வாழ்ந்த மலை. அவர்கள் கணக்கில் தோட்டம் நேற்று வந்தது. முன்னோடித் துரை கார்வர் மார்ஷுக்குச் சாலையோரம் சிலை வைத்திருக்கிறார்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளி ஊர்களிலிருந்து கூட்டிவந்தவர்களுக்கு, மலேரியாவில் செத்தவர்களுக்கு, சிலை கிடையாது. அவர்களுக்கும் ஒரு சின்னம் வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தப் பச்சை மேசையையே காட்டலாம். கம்பளம் விரித்ததுபோல என்று நாம் சொல்கிறோமே, அந்த வழவழப்பு வேலையின் தடம். வேலைக்குப் பின்னால் மலை ஒளிந்திருக்கவில்லை, மலைக்குப் பின்னால் வேலையும் ஒளிந்திருக்கவில்லை. கண்ணுக்கு அழகாகப் படுகிற அந்த மட்டமேதான் வேலை.

இதைச் சைவ சித்தாந்தத்தின் அளவை இயலோடு வைத்துப் பார்த்தால் விஷயம் கூர்மையாகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன் காட்சியைப் பற்றிப் பேசுகிறது. சரியாகப் பார்க்கத் தெரியாதவனோடு கடவுளைப் பற்றி வாதாடிப் பயனில்லை என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஐயம், திரிபு ஆகிய குற்றங்களை விலக்கிய பிறகு அந்நூல் காட்சியை இரண்டாகப் பிரிக்கிறது. ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அளவில் நிற்பது ஒன்று. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்று ஐந்தாலும் தெளிந்து 'இது இன்னது' என்று நிச்சயிப்பது மற்றொன்று. மலைக்கு வருகிறவரின் பார்வையை இந்த ஐந்தில் உரசினால், பெயர் தெரிகிறது, தேயிலை. குணம் தெரிகிறது, பச்சை, குளிர்ச்சி. கன்மம் விட்டுப்போகிறது. அங்கே கன்மம் என்பது பொருள் செய்யும் செயல். பொருளின்மேல் நடந்த செயலையும் அதற்குள் அடக்குவது உரையாசிரியர்கள் சொன்னதல்ல, என் துணிவு. ஆனால் தேயிலையைப் பொறுத்தவரை அந்தத் துணிவுக்கு நியாயம் உண்டு. தானாக வளர்வது அதன் செயல்; வளரவிடாமல் தடுத்ததால்தான் அது தேயிலைத் தோட்டம். அந்தத் தடுப்பைக் காணாதவர் அந்தப் பொருளையே முழுதாகக் காணவில்லை.

திருமூலர் சொன்ன மரயானை இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. தச்சன் செதுக்கிய யானையைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு மரம் தெரிவதில்லை. மரத்தின் தரம் பார்க்கிற தச்சனுக்கு யானை தெரிவதில்லை. உலகத்தையும் பரம்பொருளையும் பற்றிச் சொன்ன உவமை அது என்பதை மறக்கவில்லை. ஆனாலும் அந்த உவமையின் கூர்மை, யானையும் மரமும் இரண்டு பொருள் அல்ல என்பதில் இருக்கிறது. மலைக்கு வருகிற இரண்டு வகை மனிதர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பச்சையைப் பார்த்து உருகுகிறார். கூடையோடு நிற்கும் பெண் அவருக்குப் படத்தின் ஓரத்தில் ஒரு நிறப்புள்ளி. இன்னொருவர் விவரம் தெரிந்தவர். அவருக்குக் கூலி தெரிகிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடு தெரிகிறது, சிறுத்தை தூக்கிப்போன குழந்தைகளின் கதை தெரிகிறது. இதில் அழகென்ன வேண்டிக்கிடக்கிறது என்கிறார். முதலாமவர் பிள்ளை என்றால் இரண்டாமவர் தச்சர். நம் காலத்தின் அறம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தச்சரோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. யானையைத் தொலைத்து மரத்தைக் கண்டதும் பாதிக் காட்சிதான்.

இரண்டையும் ஒருசேரக் காண்பது முடியாத காரியம் அல்ல. தமிழ் இலக்கணம் நிலத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த விதமே அதுதான். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்துவிட்டு, அந்த நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை எண்ணுகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். தெய்வத்துக்கும் தொழிலுக்கும் ஒரே பந்தி. தொழில் இல்லாத குறிஞ்சி, மரம் இல்லாத குறிஞ்சியைப் போலவே குறையுள்ளது. அந்தப் பட்டியலில் தொழிலைக் குறிக்க வரும் சொல் 'செய்தி'. செய்வது செய்தி. பிறகு அந்தச் சொல் நடந்ததைக் குறித்து, இன்று பெரும்பாலும் நாளிதழில் வருவதைக் குறிக்கிறது. மலையில் செய்தி என்றால் இப்போது மண்சரிவு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த ராஜமலைப் பெட்டிமுடியில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்து 70 பேர் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பங்கள். வரையாட்டையும், 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியையும் பார்க்க மக்கள் வரிசையில் நிற்பது அதே ராஜமலைப் பக்கத்தில்தான். செய்தி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் நீங்கிப் புதிய பொருள் ஏறியது மொழியின் இயல்பான நடப்பு, யாருடைய சதியும் அல்ல. இருந்தாலும், வேலை செய்யும்போது கண்ணில் படாதவர்கள் சாகும்போது மட்டும் செய்தியானார்கள் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

மலைத்தெய்வத்தின் கதையும் இதையே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன், முருகன். அவன் மலைக்கு வந்து யாரைத் தேடினான் என்பதைக் கந்தபுராணத்தின் கடைசிப் படலம் விரிவாகச் சொல்கிறது. பரண்மேல் நின்று, கவண்கல் எறிந்து, ஆலோலம் பாடித் தினைக்காட்டில் கிளி விரட்டிக்கொண்டிருந்தவளைத் தேடி வந்தான். வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டான். மலைக்கு வந்த முதல் விருந்தாளி என்று அவனைச் சொன்னால் தவறாகாது. அவன் மலையழகைப் பார்த்துவிட்டு இறங்கிப்போகவில்லை. காவல் வேலையில் இருந்தவளிடம் போய்ப் பசி என்றான். வள்ளியைக் காதலியாக, இச்சா சக்தியாக, சீவான்மாவாக எல்லாம் விளக்கியிருக்கிறார்கள். தினைக்காட்டுக் கூலி வேலைக்காரியாக யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. அது கூலி வேலை அல்ல, சொந்தக் காடு, குறவர் தலைவன் மகள் என்று ஆட்சேபம் வரலாம். சரிதான். அந்த வித்தியாசம்தான் பிந்தைய வரலாறு. தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு'. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி மலையேறும் கணவன் மனைவி அதில் கருப்பனும் வள்ளியும். அந்தப் பெயரை டேனியல் எண்ணி வைத்தாரோ, ஊரில் வழங்கும் பெயர் என்று வைத்தாரோ, தினைக்காட்டு வள்ளிக்கும் தேயிலைக்காட்டு வள்ளிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அது அளந்துவிடுகிறது. முன்னவள் காத்த தினை அவள் வீட்டுக்குப் போனது. பின்னவள் எடுத்த கொழுந்து நிறுத்து வாங்கப்பட்டு, வாட்டி, உருட்டி, தூளாகிக் கப்பல் ஏறியது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து.

வருடம் முழுக்க உழைத்துவிட்டு இரண்டு நாள் குளிர்ச்சிக்காக வருகிறவரிடம் இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வருகிறவர்களில் பெரும்பாலோர் துரைகள் அல்லர். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவைப் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள், வாடகை வேனில் குடும்பத்தோடு வருகிறவர்கள். அவர்களிடம் குற்ற உணர்ச்சியை நான் கேட்கவில்லை. குற்ற உணர்ச்சி இறக்குமதிச் சரக்கு. நம் ஆட்களுக்குச் சரியாகப் பொருந்துவதும் இல்லை, மலையில் இருப்பவர்களுக்கு அதனால் ஒரு தம்படி பயனும் இல்லை. நான் கேட்பது அதைவிட எளிது: பெயரைச் சரியாகச் சொல்வது. வயலைப் பார்த்து நம் பாட்டிமார் இயற்கை என்று சொன்னதில்லை, 'நல்ல வெள்ளாமை' என்றார்கள். அந்த ஒரு சொல்லில் அழகும் இருந்தது, உழைப்பும் இருந்தது, செய்தவனுக்குரிய மரியாதையும் இருந்தது. தேயிலைச் சரிவைப் பார்த்து 'நல்ல வெள்ளாமை' என்று சொன்னால் யாருடைய இரண்டு நாளும் கெட்டுவிடாது. தறியில் நிற்கிறவருக்கு இன்னொரு தொழிலின் நேர்த்தியை அடையாளம் காண்பது கடினமும் அல்ல.

அப்படிப் பார்த்தால் தஞ்சைப் பெரிய கோயிலும் கைவேலைதானே, கல் சுமந்தவன் பெயர் அங்கேயும் இல்லையே, தேயிலைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்பதும் கேட்கத்தக்கதுதான். அந்தக் கோயிலின் முன் நிற்கிற யாரும் அது தானாக முளைத்தது என்று நினைப்பதில்லை; கட்டியவர்கள் எத்தனை பேர், கல்லை எப்படி ஏற்றினார்கள் என்ற வியப்பு பார்த்த கணத்திலேயே வருகிறது. அங்கே பிழை இருந்தால் அது பெயர்களை மறந்த பிழை. வேலையே தெரியாத திரிபு அல்ல. இன்னொன்றும் உண்டு. கோயிலைக் கட்டியவர்கள் போய் ஆயிரம் வருடம் ஆயிற்று. தேயிலை மேசையை வெட்டி வைத்தவர் நாம் படம் எடுக்கும்போது இருபதடி தள்ளி நிற்கிறார். இன்று வால்பாறையில் கொழுந்து எடுப்பவர்களில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் கணிசம். பழைய குடும்பங்களின் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அசாம் தேயிலை வந்த வழியிலேயே நூறு வருடம் கழித்து ஆளும் வந்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் காட்டின் பெயரால் வருவது. மலையின் உண்மை தேயிலையும் அல்ல, உழைப்பும் அல்ல, காடு. உழைப்பைக் கொண்டாடுவது காட்டை அழித்ததைக் கொண்டாடுவது என்பது அது. பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றிலும் புலிகள் காப்பகம். தோட்டங்களுக்குள் திட்டுத்திட்டாய் மிஞ்சிய சோலைகளில் சிங்கவால் குரங்குகள் கிடைத்ததைத் தின்று பிழைக்கின்றன. யானைகள் தேயிலை நடுவே வழி தேடி நடக்கின்றன, அவை வரும் பக்கத்தை இரவில் சிவப்பு விளக்கும் கைபேசிச் செய்தியும் சொல்கின்றன. இந்தச் சேதத்தை மறைக்கிற அழகு எனக்கும் வேண்டாம். ஆனால் 'இயற்கை' என்ற சொல்லை உழைப்பிடமிருந்து பிடுங்கிக் காட்டிடம் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறதா? மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர். அங்கே உழைத்தவர்களின் கூலிக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் தடியடியில் முடிந்து, தாமிரபரணியில் 17 உயிர் போனது. குத்தகை முடிய இன்னும் நாலு வருடம் இருக்கையில், 2024-இல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. நிலம் காட்டுக்குத் திரும்ப வேண்டும், நாலு தலைமுறையாக இருந்தவர்கள் இறங்க வேண்டும் என்றானது. காடு திரும்புவது நல்லதாகவே இருக்கலாம். அந்த மலையில் இருந்தவர்களை முன்பு பார்வையிலிருந்து நீக்கிய அதே சொல் இப்போது அவர்களை ஊரிலிருந்தும் நீக்கப் பயன்படுகிறது என்பதுதான் என் உறுத்தல். திரிபு பார்ப்பவரின் தலைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. அது ஆணையாகவும் இறங்கும். போகட்டும், காட்டை மீட்பது என்ன தானாக நடக்கிறதா? வால்பாறையில் சிதைந்த சோலைகளை மீட்கிறவர்கள் விதை பொறுக்கி, நாற்றங்காலில் கன்று வளர்த்து, உண்ணிச்செடியைக் களைந்து, மழை பார்த்து நடுகிறார்கள். அதுவும் குனிந்து செய்கிற வேலை. அதற்கும் கன்மம் உண்டு.

கடைசியாக வேதாந்தி ஒருவர் வருவார். மலையும் இறைவன், கூடையும் இறைவன், வெட்டியதும் வெட்டுப்பட்டதும் அவனே. இந்தப் பாகுபாடெல்லாம் கீழ்ப்படி ஞானம் என்பார். அந்த உயரத்தில் நின்று பேசுகிறவருக்கு மறுப்பு சொல்வது கடினம். அவர் அந்த உயரத்தில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்கலாம். எல்லாம் இறைவன் என்பவர் மலையைக் கண்டதும் கைகூப்பி, கூடைக்காரியைக் கண்டதும் வண்டியை எடுத்தால், அவருடைய ஒருமை பாதியில் நிற்கிறது. சித்தாந்தி இந்த இடத்தில் கொஞ்சம் கறாரானவர். உலகம் மெய், உயிர்கள் மெய், வினை மெய். இறைவன் இவற்றோடு கலந்து நிற்கிறான், இவற்றை அழித்துவிட்டுத் தெரிவதில்லை என்பவர். ஆனால் இரு சாராரையும்விடத் தெளிவாக இதைக் கண்டவர்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள். சமவெளியிலிருந்து போனவர்கள் மாரியம்மனையும் முனியையும் மாடசாமியையும் கூடவே கொண்டுபோனார்கள். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு கோயில் எழும்பியது. இதே சமவெளியிலிருந்து கடல் தாண்டி இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள் அதற்கும் ஒருபடி மேலே போனார்கள். ஃபாக்டரிச் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று ஒரு சாமி, கொழுந்துக்குக் கொழுந்துசாமி, கத்திக்குக் கவ்வாத்துசாமி. எந்தச் சாத்திரத்திலும் இடம்பெறாத தெய்வங்கள். கருப்பொருள் பட்டியலில் ஒரே பந்தியில் இருந்த தெய்வத்தையும் தொழிலையும் அவர்கள் இலக்கணம் படிக்காமலே ஒன்றாக்கியிருக்கிறார்கள். துரைக்குப் பயந்து கும்பிட்டது, அடிமைத்தனத்துக்குப் பூசிய விபூதி என்று இதைச் சிலர் தள்ளிவிடலாம். அந்த வாசனை கொஞ்சம் இருக்கவும் கூடும். ஆனால் அவர்கள் துரையைச் சாமியாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கை தவறினால் விரலை எடுக்கும் கருவியையும், கூலியைத் தீர்மானிக்கும் தளிரையும்தான் கும்பிட்டார்கள். எது தங்களை வாழவும் சாகவும் வைக்கிறது என்பதில் அவர்களுக்குத் திரிபு இல்லை.

பிழை தெளிந்த பிறகு மகிழ்ச்சி மிஞ்சுமா என்பதைச் சோதிக்கத் தோட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. கவ்வாத்து வருடம் வந்த பாகத்தில் இலை இருக்காது. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட தண்டுகள் மட்டும் வரிசை வரிசையாக, சாம்பலும் பழுப்புமாய், மழையில் நனைந்து நிற்கும். சிலது கைப்பருமன், எத்தனையோ தடவை வெட்டுப்பட்டு முண்டும் முடிச்சுமாக முறுக்கேறியவை. துரைமார் காலத்தில் நட்ட மரங்களும் அவற்றில் உண்டு. வெட்டுவாய் எல்லாம் ஒரே மட்டத்தில், ஒரே சாய்வில் இருக்கும். தண்டு பிளக்காமல் அப்படி ஒரே வீச்சில் வெட்டுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். அந்த வளைவில் வண்டிகள் நிற்பதில்லை, படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை என்று எண்ணி. கடலுக்கு அந்தப் பக்கம், அதே போன்ற ஒரு சரிவில், முதல் வெட்டு விழுவதற்கு முன் கத்தியை வைத்துச் சூடம் ஏற்றுகிறார்கள்.